எளிமைச் செம்மல் கியர் கழற்றிய கதை

சர்வே ஆபீஸின் வரைபடப் பிரிவில் அவருக்கு 'எளிமைச் செம்மல்' என்று பெயர் வைத்திருந்தார்கள். கேலிக்கு வைத்ததுதான். அவரோ அதைப் பட்டமாகவே வாங்கிக்கொண்டார்.

கேலி புரியாத மனுஷனோடு பதினெட்டு வருஷம் குடித்தனம் நடத்தியவள் அவர் மனைவி. முதலில் சோபா போயிற்று. "உட்கார தரை போதாதா?" என்றார். வந்தவர்களைத் தரையில் உட்கார வைத்துவிட்டு, மிச்சமிருந்த ஒரே நாற்காலியில் அவர் உட்கார்ந்துகொண்டு எளிமையைப் பற்றிப் பேசினார். அடுத்து அலமாரிக் கதவுகள். "கதவுங்கிறது மனுஷனுக்கும் பொருளுக்கும் நடுவுல ஒரு தடுப்பு" என்று கழற்றிப் போட்டார். தூசி படிந்த துணிகளை வாராவாரம் மறுபடி துவைத்தவள் அவள். எளிமை அவருடையது, அதனால் வந்த வேலையெல்லாம் அவளுடையது என்று சொல்லாமலே பங்கு பிரிந்திருந்தது.

மூன்றாவதாக அவர் கண் அவளுடைய சைக்கிள் மேல் விழுந்தது.

அவள் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுப்பவள். காலை ஏழு மணிக்குள் போயாக வேண்டும். வழியில் ரயில்வே மேம்பாலம், அதைத் தாண்டினால் ஆஸ்பத்திரி மேடு. ஏழு கியர் வைத்த சைக்கிள் அது. மேட்டில் ஒன்றாம் கியருக்குத் தட்டிவிட்டால் ஆட்டுக்கல்லைச் சுற்றுவது போல நிதானமாகச் சுற்றிக்கொண்டே ஏறிவிடுவாள்.

"மனுஷனுக்கு இருக்கிறது ரெண்டே காலு. ஏழு பல்சக்கரம் எதுக்கு?" என்றார் ஒரு நாள், போனில் எதையோ பார்த்துக்கொண்டே. "எல்லாத்தையும் எடுத்துட்டு ஒண்ணே ஒண்ணு போட்டா போதும். சத்தம் இல்ல, சிக்கல் இல்ல."

"அப்படின்னா உங்க சைக்கிள்ல செஞ்சு பாருங்க."

"என்னோடதுல இருபத்தோரு கியர். சின்னதுலதானே கை பழகணும்?"

அந்த வாரம் அவள் அக்காவுக்குப் பித்தப்பை ஆபரேஷன். கூட இருக்க இரண்டு நாள் போய்விட்டு, ஞாயிறு மதியம் வந்து பார்த்தால் பால்கனியில் கால் வைக்க இடமில்லை. சைக்கிள் தலைகீழாகக் கிடந்தது. செயினைப் பிரிக்க ஒரு கருவி, பல்சக்கரம் கழற்ற ஒரு கருவி, அதைத் திருக கை நீளத்துக்கு ஒரு ஸ்பேனர், விதவிதமான வளையங்கள். வாழ்க்கையைச் சுருக்குவதற்கு ஒரு பட்டறையே வந்து இறங்கியிருந்தது.

"ஆறு பாரத்தை இறக்கி வச்சிட்டேன்!" என்றார், மூக்கில் கிரீஸோடு. அதே வாசகத்தைப் படத்தோடு ஆபீஸ் குரூப்பிலும் போட்டிருந்தார்.

பாரம் இறங்கியதோடு செயினும் இறங்கிவிட்டது. துணி காயப்போட்ட கயிறு மாதிரி தொங்கியது. அன்று சாயங்காலமே தள்ளிக்கொண்டு சைக்கிள் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் குனிந்து பார்த்தார்.

"சார், இந்த ஃபிரேம்ல பின்சக்கரம் முன்னபின்ன நகராது. செயின் இறுக்கமா நிக்கணும்னா இதைப் போட்டாகணும்" என்று ஒரு சின்னச் சக்கரமும் ஸ்பிரிங்கும் சேர்ந்த சாமானை எடுத்து வைத்தார்.

அவள் அதை உற்றுப் பார்த்தாள். "இவர் கழட்டிப் போட்டதும் இதே மாதிரிதானே இருந்துச்சு?"

"கிட்டத்தட்ட அதேதாம்மா. அது கியர் மாத்தும். இது மாத்தாது."

எளிமைச் செம்மல் அப்போது கடையின் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

திங்கள் காலை பாலத்தின் பாதி வரை ஏறினாள். அதற்கு மேல் பெடல் நகர மறுத்தது. எழுந்து நின்று மிதித்தாள். இறங்கித் தள்ளினாள். மேட்டிலும் தள்ளினாள். ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது ஏழே முக்கால். ராத்திரியிலிருந்து வெறும் வயிற்றோடு வந்திருந்த பதினோரு பேர் வரிசையில் உட்கார்ந்து அவளையே பார்த்தார்கள். "காக்க வச்சே எங்க ரத்தத்தை உறிஞ்சிட்டீங்க, இனி ஊசி வேற எதுக்கும்மா?" என்றார் ஒரு பெரியவர். அவளுக்கு மூச்சு வாங்கியது. மூச்சு அடங்காமல் ஊசி பிடிக்க முடியாதே என்று சுவரில் சாய்ந்து நின்று, இன்னும் ஐந்து நிமிஷம் அவர்களைக் காக்க வைத்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டில், "வண்டி எப்படி? சும்மா பறக்குதில்ல?" என்று அவர் கேட்டபோது, "நீங்களே ஓட்டிப் பாருங்க" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் விடிந்ததும் அவருடைய சைக்கிளின் சீட்டை இறக்கி முடுக்கினாள்.

"ஏய், அது என்னோடதும்மா!"

"ஆமாங்க. இருபத்தோரு சுமை. பாவம், இத்தனை நாளா நீங்க எப்படித்தான் தூக்குனீங்களோ. இனிமே நான் தூக்கறேன்."

குரூப்பில் நாற்பது பேர் கைதட்டியிருக்கும்போது சுமையைத் திருப்பிக் கேட்க முடியுமா?

அவர் ஆபீஸும் அதே பாலத்துக்கு அந்தப் பக்கம்தான். அவளுடைய குட்டி சைக்கிளில் ஏறினால் முழங்கால் மோவாயை இடித்தது. பாதிப் பாலத்தில் இறங்கித் தள்ளும்போது ஆபீஸ் பஸ் அவரைத் தாண்டியது. ஜன்னல் ஜன்னலாகத் தலைகள் எட்டிப் பார்த்தன. "நடக்கறதும் பயணம்தானே?" என்று ஆபீஸில் விளக்கம் கொடுத்தார். "அப்புறம் அந்தச் சைக்கிள் எதுக்கு செம்மலே, துணைக்கா?" என்று கேட்டார் பக்கத்து மேஜைக்காரர்.

பத்து நாள் தாங்கினார். பதினோராம் நாள் யாருக்கும் தெரியாமல் சைக்கிள் கடையில் போய் நின்றார். "பழைய சாமானைக் கொண்டாங்க சார், அரை மணி வேலை" என்றார் கடைக்காரர். பழைய சாமான்கள் எப்போதோ இரும்புக் கடைக்குப் போய்விட்டிருந்தன. புதிதாகப் பூட்டலாம். ஆனால் கைப்பிடியில் பளபளவென்று கியர் லீவர் முளைத்தால் ஆபீஸில் என்னவென்று சொல்வது? யோசித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

ஆபீஸ் பஸ் கண்ணில் படாமலிருக்க அவரும் விடியற்காலையிலேயே கிளம்பிவிடுவதால், இப்போது இருவரும் ஒன்றாகத்தான் போகிறார்கள். பாலத்தின் பாதியில் அவர் இறங்குவார். அவள் நிற்கமாட்டாள். "சைக்கிள் பூட்டுச் சாவி உங்க சட்டைப் பையிலதான் இருக்கு, முடியலேன்னா பூட்டி வச்சிட்டு நடங்க" என்று சொல்லிக்கொண்டே நிதானமாக மிதித்து மேலே போய்விடுவாள்.