பல்லுக்காரியின் மடி

கடையில் நான் முடி வெட்டுகிறவள். அவள் பல் சுத்தம் செய்கிறவள். நாய்களுக்குத்தான். அவளைப் பல்லுக்காரி என்றே எல்லோரும் கூப்பிடுவோம். வாசல் கண்ணாடியில் 'மயக்க ஊசி இல்லாமல் பல் சுத்தம்' என்று முதலாளி பெரிதாக ஒட்டியிருந்தது அவளை நம்பித்தான். மயக்க ஊசி என்றாலே நாய் வளர்க்கிறவர்களுக்கு ஈரக்குலை நடுங்கும். அது அந்த மனுஷனுக்கு நன்றாகத் தெரியும்.

கடைக்கு வருவதற்கு முன் பதினோரு வருஷம் பல் டாக்டரிடம் கருவி கழுவி எடுத்துக் கொடுத்தவள். "மனுஷன் வாய்க்கு நாய் வாய் எவ்வளவோ மேல்" என்பாள். தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, நாயைத் துண்டில் சுற்றி, மடியில் மல்லாக்கக் கிடத்துவாள். இடது கட்டைவிரல் தாடைக்கு அடியில் இருக்கும். வலது கையில் முனை வளைந்த சுரண்டி. வாய் மட்டும் "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். என்னைக் கண்டதும் கடையை இரண்டாக்குகிற நாய்கூட அந்த மடியில் பெட்டிப்பாம்பாக அடங்கிவிடும். எனக்குப் பொறாமைதான், சொன்னால் என்ன.

அவளுக்கு ஒரே ஓர் அக்கா. அக்காவின் கணவர் குடலிறக்க ஆபரேஷனுக்குத் தன் காலால் நடந்து போனவர். மயக்கம் கொடுத்தார்கள், பிறகு கண்ணே திறக்கவில்லை. அக்காவுக்கு மிஞ்சியது அவர் ஆசையாக வளர்த்த சின்ன நாய் மட்டும். ஈரத்தில் கால் வைக்காது, தட்டை மாற்றினால் சாப்பிடாது. அதனால் அதற்குப் பெயர் துரை. துரைக்கு வாய் நாற ஆரம்பித்தபோது, மயக்கம் கொடுத்து எக்ஸ்ரே படம் எடுத்து ஈறுக்கு அடியிலும் பார்க்க வேண்டும் என்றார் கால்நடை டாக்டர். அக்கா தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இவனையும் தூங்க வச்சு அனுப்ப என்னால முடியாதுடி. நீயே பாத்துக்கோ."

பார்த்துக்கொண்டாள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, நான்கு வருஷம். பல் பளபளவென்று இருக்கும். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் துரையின் உதட்டைத் தூக்கிக் காட்டி, "ஊசியில்ல, மருந்தில்ல, எல்லாம் என் தங்கச்சி கை" என்பார் அக்கா.

கடைசி வருஷத்தில் ஒரு நாள், இடப்பக்கக் கடைவாயில் சுரண்டி பட்டதும் துரை தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. நானும் பார்த்தேன். அவள் கட்டைவிரலை இன்னும் கொஞ்சம் அழுத்தி, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றாள். அடங்கிவிட்டது.

"பாத்தியா, எப்படிச் சொன்ன பேச்சு கேக்குறான்!"

நானும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தேன்.

பிறகு ஒரு காலையில் பிஸ்கட்டைக் கடித்தபோது துரையின் தாடை உடைந்தது. அக்காவையும் அவளையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது நான்தான். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். மேலே பல் வெள்ளையாக இருந்தது. ஈறுக்குக் கீழே அதைத் தாங்க எலும்பே இல்லை. சீழ் வருஷக்கணக்காக அரித்திருந்தது. சிறுநீரகமும் கெட்டுவிட்டது, ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுத்தால் இனி தாங்காது.

"மேல அவ்வளவு சுத்தமா இருந்ததால யாருக்கும் சந்தேகம் வரல" என்றார் டாக்டர். குத்திக்காட்டச் சொல்லவில்லை, இருந்தும் அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"வலிச்சிருக்குமா டாக்டர்?" என்று கேட்டார் அக்கா.

"ரொம்ப நாளா வலிச்சிருக்கும்மா."

ஊசி போட்டு வலியில்லாமல் போக விடுவது ஒன்றுதான் பாக்கி. அக்கா அவளை வாய்விட்டுத் திட்டியிருந்தால் தேவலை. மேஜைமேல் துரை வெடவெடவென்று நடுங்கியது. அக்கா அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னார்:

"உன் மடியில வச்சுக்கோடி. உங்கிட்டதான் அசையாம இருப்பான்."

ஆஸ்பத்திரித் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். துரையைத் துண்டில் சுற்றிக் கிடத்தினாள். பழக்கத்தில் கட்டைவிரல் தாடைக்கு அடியில் போனது. சுட்டதுபோல் எடுத்துவிட்டாள். வாயைத் திறந்தாள், எப்போதும் சொல்கிற அந்த வார்த்தை வரவில்லை. குனிந்து, துரையின் காதோடு கேட்டாள்:

"வலிக்குதாடா?"

நான்கு வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டாள். துரை அவள் பழக்கியபடியே, அசையாமல், சத்தம் காட்டாமல் கிடந்தது. டாக்டர் ஊசியைப் போட்டார்.