கையுறையில் குறைந்த இரண்டு அடுக்கு

ரங்கூனில் ஐஸ் ஹாக்கியா என்று சிரிப்பவர்களோடு சேர்ந்து நானும் சிரிப்பேன். எங்கள் ஊரில் ஐஸ் மீன் பெட்டியில்தான் இருக்கிறது. ஆனாலும் போட்டாதாங் ஆற்றோரத்தில் காலியாகக் கிடக்கும் ஒரு குடோனில், ஞாயிறு காலைகளில் பதினான்கு பேர் சக்கரக் காலணி மாட்டிக்கொண்டு சிமெண்டுத் தரையில் அதை ஆடுகிறோம். ஆளுக்கொரு மட்டை, பந்துக்குப் பதில் கெட்டி ரப்பரில் வெட்டிய வட்டு. விதிகள் மட்டும் அசல் ஐஸ் ஹாக்கி விதிகள். அதில் ஒன்றைத் தொட்டாலும் எங்கள் ஆட்களுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும்.

கோல் கீப்பர்கள் இரண்டு பேர். ஒரு பக்கம் நான். நாற்பத்தாறு வயது, ஓட முடியாது என்பதால் அங்கே நிறுத்தப்பட்டவன். மறுபக்கம் தாகேதாவிலிருந்து வரும் ஒரு தமிழ்ப் பெண். ஃபாக்டரியில் சட்டைக் காலர் தைப்பவள். மார்புக் கவசத்திலிருந்து கையுறை வரை எங்கள் இருவருக்கும் தைத்தது அவள்தான். படகுகளில் கழித்துப் போட்ட லைஃப் ஜாக்கெட்டுகளைப் பிரித்து, உள்ளே இருந்த ஃபோமை நான்கு அடுக்காக வைத்துத் தார்ப்பாயால் மூடித் தைத்தாள். அதைப் போட்டுக்கொண்டால் நான் சுருட்டி வைத்த மெத்தை மாதிரி இருப்பேன். வட்டு பட்டால் சத்தம்தான் வரும், வலிக்காது.

குடோன் சொந்தக்காரரைக் கோஜீ என்று கூப்பிடுவோம். பர்மியில் பெரியண்ணன். எங்களிடம் வாடகை வாங்காத மனிதர், அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். போன மழைக்காலம் முழுக்க அவரால் ஒரு கோல்கூடப் போட முடியவில்லை. குறை அவர் மட்டையிலா இருக்கும்? எங்கள் கவசத்தில்தான் இருக்க வேண்டும். போனில் வி.பி.என். போட்டுத் தேடி, வெளிநாட்டுச் சண்டை ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். அங்கே கீப்பர்களின் கவசம் ஊதிப் பெருத்துவிட்டதாம், கோலே விழுவதில்லையாம், பார்க்கிறவர்களுக்குச் சலிக்கிறதாம், அளவைக் குறைக்க வேண்டுமாம். அடி வாங்குகிறவர்கள் நாங்கள், எங்களையும் கேளுங்கள் என்று அங்குள்ள கீப்பர்கள் சொல்வதை மட்டும் அவர் எங்களுக்குச் சொல்லவில்லை. அதை நானே பிறகு தேடிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

டீக்கடையில் கூட்டம் போட்டோம். கோஜீ அளவு நாடாவோடு வந்தார். வெளிநாட்டில் பேசுவது பெரும்பாலும் கோலை மறைக்கும் அகலத்தைப் பற்றி. எங்கள் மேதை அளந்தது தடிமனை. நான்கு அடுக்கை இரண்டாக்கினால் உலகத் தரம் வந்துவிடும் என்றார். தடிமன் கோலை மறைக்காது, கையைத்தான் காப்பாற்றும் என்பது எங்களுக்கு சமோசா கொண்டுவந்து வைத்தவருக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

எங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எதிரே இருப்பவர் முகம் வாடிவிடுமே என்று சொல்ல வேண்டியதை விழுங்கிக்கொள்வதற்கு பர்மியில் ஆனாடெ என்று ஒரு சொல் உண்டு. மூன்று தலைமுறையாக இங்கே இருப்பதில் அது எங்கள் இரத்தத்திலும் ஏறிவிட்டது. இலவசமாக இடம் கொடுப்பவரிடம் ஆனாடெ இன்னும் இரண்டு பங்கு. அந்தப் பெண் மட்டும், கையுறையை விட்டுவிடலாமே, என் பிழைப்பு கையில்தானே என்று தணிந்த குரலில் சொன்னாள். பன்னிரண்டு தலைகள் டீக் கோப்பைக்குள் குனிந்தன. மூத்த கீப்பர் என்ன சொல்கிறார் என்று கோஜீ என் பக்கம் திரும்பினார். நான் கை தூக்கினேன். முதலில் தூக்கியது என் கைதான். மற்றவர்கள் பின்னாலேயே தூக்கினார்கள்.

கையுறைகளின் தையலை அவளே பிரித்து, அடுக்குகளை உருவிவிட்டு, மறுபடி தைத்துக் கொடுத்தாள்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை கோஜீ அடித்த வட்டு அவளுடைய வலது கட்டை விரலில் பட்டுத் தெறித்து கோலுக்குள் போனது. கோஜீ இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு குடோனைச் சுற்றி வந்தார். எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். அவள் கையுறையைக் கழற்ற முடியாமல் தரையில் உட்கார்ந்திருந்ததை யாராவது பார்ப்பதற்குள் அவர் ஒரு சுற்று முடித்திருந்தார். எலும்பு முறிந்திருந்தது. கோலும் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. விதிப்படி அதுதானே சரி?

ஃபாக்டரியில் அவள் மிஷினில் வேறு ஆளை உட்கார வைத்துவிட்டார்கள். விரல் சேர்ந்த பிறகு வந்து பார் என்றார்களாம்.

ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு தாகேதா போனேன். பஸ்ஸில் போகும்போதே பேச வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டேன். அன்றைக்கே எனக்குத் தெரியும், தடிமனைக் குறைப்பது மடத்தனம் என்று தெரியும், கோஜீ மனசு நோகக் கூடாதே என்றுதான் பேசாமல் இருந்தேன் என்று அவளிடம் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே நல்லவன் குரல் மாதிரிக் கேட்டது. வெட்கமாக இருக்கிறது.

அவள் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அவரு மொகம் வாடக் கூடாதுன்னு பாத்தீங்க. எங்கிட்ட மட்டும் ஏன் உங்களுக்கு ஆனாடெ வரல, அண்ணே?"

பழத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறும் ஆடப் போனேன். அவள் நின்ற பக்கம் ஆளில்லை. கோஜீ அந்தக் காலி கோலில் மூன்று கோல் போட்டார். நான் கை தட்டினேன்.