அருங்காட்சியக வாசலில் கழற்றிய செருப்பு

என் பேத்தியைப் பற்றி நான் ஒரு பொய் சொன்னேன். அப்போது அவளுக்கு இரண்டரை வயது. மறுத்துப் பேச அவளிடம் போதுமான சொற்கள் இல்லை. அது தெரிந்துதான் சொன்னேன்.

போன வருஷம் மே மாதம். மருமகன் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். அவரிடம் போய்ச் சேருவதற்கான காகித வேலைக்காக என் மகள் சென்னையில் ஓர் அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. குழந்தையை உள்ளே விடமாட்டார்களாம். நானும் வருகிறேன், அதுவரை அவளுக்கு எழும்பூரில் அருங்காட்சியகத்தைச் சுற்றிக் காட்டுகிறேன் என்றேன். மகள் உடனே சரி சொல்லவில்லை. மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டைப் பூட்டியதிலிருந்து ரயிலில் உட்காரும்வரை, தனியாகப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று மூன்று முறை கேட்டுவிட்டாள். முப்பத்திரண்டு வருஷம் சிதம்பரத்தில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு வரலாறு நடத்தியவனை இப்படிக் கேட்கிறாளே என்று எனக்கு உள்ளூரக் கோபம்.

பேத்திக்கு அங்கே மிகவும் பிடித்தது ஒரு கட்டடத்தின் படிக்கட்டு. மூன்று படி ஏறுவாள், இறங்குவாள், மறுபடி ஏறுவாள். யானையின் எலும்புக்கூட்டைப் பார்த்து, "யானை ஒல்லி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படிக்கட்டுக்கே திரும்பினாள். எனக்கோ செப்புத் திருமேனிகளைப் பார்க்கவேண்டும். அவளை ஒருவழியாக இழுத்துக்கொண்டு போனேன்.

அந்தக் கட்டடத்தின் வாசலில் என் கால் தானாகச் செருப்பை உதறியது. சிதம்பரத்தில் இத்தனை வருஷம் கோயிலுக்குப் போய்வந்த பழக்கம். வாசலில் இருந்த காவலாளி சிரித்தார்.

"சார், இது மியூசியம். செருப்போடயே போலாம்."

கோயில் வேறு, காட்சிக்கூடம் வேறு என்று வகுப்பில் எத்தனையோ முறை சொன்னவன் நான். மறதியில் கழற்றிவிட்டேன் என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. "தெரியும்ப்பா. சாமி எங்க இருந்தாலும் சாமிதான்" என்றேன். சொன்ன சொல்லைக் காப்பாற்ற, குனிந்து பேத்தியின் செருப்பையும் கழற்றிவிட்டேன்.

உள்ளே நடராசர் முன்னால் அவள் கைகூப்பினாள். பிறகு விபூதிக்குக் கையை நீட்டினாள். யாரும் தரவில்லை என்றதும் வெளியே ஓடினாள். பின்னாலேயே நானும் ஓடினேன். செருப்பு இருவருக்கும் நினைவில்லை.

முற்றத்தில் பழைய பீரங்கிகள் இருந்தன. உச்சி வெயில், சிமெண்டுத் தரை. "தூக்கு தாத்தா" என்றாள். காலையிலிருந்து பத்து முறை கேட்டதுதானே என்று, கொஞ்சம் நடக்கச் சொன்னேன். சர்க்கரை வியாதியில் என் பாதங்களுக்குப் பாதி உணர்ச்சி போய்விட்டது. சூடு எனக்குத் தெரியவில்லை. பீரங்கியைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் காலை மாற்றி மாற்றித் தூக்கினாள். ஆடுகிறாள் என்று நினைத்தேன். வீறிட்டு அழுத பிறகுதான் தூக்கிப் பார்த்தேன். இரண்டு உள்ளங்காலும் சிவந்திருந்தன. ஒரு குதிகாலில் கொப்புளம்.

மூன்று மணிக்கு மகள் வந்தாள். குழந்தையின் காலைப் பார்த்துவிட்டு, செருப்பு என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

"அவளே கழட்டிப் போட்டுட்டு ஓடிட்டா. நான் புடிக்கறதுக்குள்ள இப்பிடி ஆயிடுச்சி."

போட்டதையெல்லாம் கழற்றி எறிகிற வயது. மகள் நம்பினாள். குழந்தையின் தொடையில் ஓர் அடி வைத்தாள். பேத்தி அழாமல், "தாத்தா" என்று என்னைக் கைகாட்டினாள்.

"தாத்தாவ சொல்லாத. தப்பு பண்ணது நீ."

நான் தண்ணீர் பாட்டிலை மூடிக்கொண்டிருந்தேன்.

கால் சில நாட்களில் ஆறிவிட்டது. அடுத்த மாதம் மூவரும் திருவந்திபுரம் கோயிலுக்குப் போனோம். செருப்பு விடுகிற இடத்தில் பேத்தி கழற்ற விடவில்லை. தரையில் உட்கார்ந்து இரண்டு செருப்பையும் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"அங்க போட்டுக்கோன்னா கழட்டுவா, இங்க கழட்டுன்னா மாட்டாளாம். திமிருடி ஒனக்கு" என்று மகள் சிரித்துக்கொண்டே அவள் விரல்களைப் பிரிக்கப் போனாள்.

"அன்னிக்கி அவ கழட்டல. நான்தான் கழட்டுனேன்" என்றேன்.

மகள் கையை எடுத்துக்கொண்டாள்.

"அவள அடிச்சேனேப்பா. பாத்துக்கிட்டுதான இருந்த?"

ஆமாம் என்றேன். அவள் என்னைத் திட்டவில்லை. குழந்தையைச் செருப்போடு தூக்கிக்கொண்டாள். நீ போய்ச் சாமி பார்த்துவிட்டு வா, நாங்கள் இங்கேயே இருக்கிறோம் என்றாள். நான் போகவில்லை.

ஜூலையில் அதே அலுவலகத்துக்கு அவள் மறுபடி போக வேண்டியிருந்தது. குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டுப் பெண்ணை அழைத்துக்கொண்டாள். என்னை ஏன் கேட்கவில்லை என்று நான் கேட்கவில்லை. ஏற்றிவிடத் திருப்பாதிரிப்புலியூர் ரயிலடி வரை போனேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தாத்தா வரலியா என்று பேத்தி கேட்டாள். மகள் என்னைப் பார்த்தாள்.

"இல்லம்மா. தாத்தா ஒன்ன சரியா பாத்துக்கல. பொய்யும் சொல்லிட்டேன்" என்றேன்.

அவளுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. முறுக்கு வேண்டும் என்றாள். வண்டி கிளம்புவதற்குள் போய் வாங்கிவந்து ஜன்னல் வழியாகக் கொடுத்தேன்.