கத்தினாலும் கேட்காத தூரம்

மீன் மாட்டியிருக்கிற கயாக்குக்குக் குறுக்கே போட்டை விடக் கூடாது. இதைப் போய் ஒருத்தனுக்குச் சொல்லித் தர வேண்டுமா? கயாக் என்பது ஒருத்தர் உட்கார்ந்து துடுப்பு வலிக்கிற சின்னப் படகு, அதில் இஞ்சின் கிடையாது, பிரேக் கிடையாது. பெரிய மீன் இழுத்தால் அது போகிற பக்கமெல்லாம் நாமும் போக வேண்டியதுதான். போட்டில் இருக்கிறவன்தான் ஒதுங்க வேண்டும். அலை எழும்பாமல் வேகத்தைக் குறைக்க வேண்டும். அடுத்தவன் தூண்டில் கிடக்கிற இடத்தில் தன் தூண்டிலை வீசக் கூடாது. இதெல்லாம் எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று என் மச்சினன் ஒரு தடவை கேட்டான். பஸ்ஸில் ஒருத்தன் துண்டு போட்ட சீட்டில் இன்னொருத்தன் உட்காருவதில்லையே, அது எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

நான் கடலூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பாய்லர் பார்க்கிறவன். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் கரும்பு போட்டவர்கள், கடலில் கால் நனைத்தால் சளி பிடிக்கும் என்று நம்புகிறவர்கள். எட்டு மணி நேரம் இரைச்சலும் நாற்றமுமாக நின்றுவிட்டு வருகிறவனுக்கு லீவு நாளில் கொஞ்சம் அமைதி வேண்டாமா? புதுச்சேரியில் ஒருத்தர் பழைய கயாக் விற்கிறார் என்று கேள்விப்பட்டு வாங்கிவந்தேன். பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்தில், வெள்ளாறு கடலில் கலக்கிற இடத்தில், ஒரு தென்னந்தோப்பில் அதைப் போட்டு வைத்திருக்கிறேன். பக்கத்து மீனவக் குப்பத்துக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் தொட்டி. "என்னா சார், தொட்டி கெளம்பிடுச்சா?" என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

மச்சினன் என்றால் என் மனைவியின் தம்பி. சிதம்பரத்துக்குப் பக்கத்து ஊர். அப்பா அம்மா அடுத்தடுத்துப் போன பிறகு இவள்தான் அவனை ஆளாக்கினாள். அவளுக்குப் பிறந்த வீடு என்று மிச்சம் இருப்பது அவன் ஒருத்தன்தான். பிச்சாவரத்தில் கொஞ்ச நாள் போட்டில் வேலை பார்த்து ஓட்டக் கற்றுக்கொண்டு, பிறகு சொந்தமாக ஒரு ஃபைபர் போட் வாங்கினான். பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு மீன் பிடிக்க அழைத்துப் போவான். வந்தவர்கள் விலை உயர்ந்த தூண்டிலை வைத்துக்கொண்டு, தலைக்குத் தொப்பி, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, தொப்பியில் கேமரா என்று உட்கார்ந்திருப்பார்கள். பிடித்த மீனோடு போட்டோ எடுத்துக்கொண்டு அதைத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள். அது அவர்கள் இஷ்டம்.

முதலில் எங்களுக்குள் ஒரு தகராறும் இல்லை. என்னைப் பார்த்தால் போட்டை மெல்ல ஓரமாகக் கொண்டுவந்து பிளாஸ்க்கிலிருந்து ஒரு டீ ஊற்றி நீட்டுவான். "மாமா, கடிக்குதா?" என்று கேட்பான். இன்றைக்கு எங்கே மீன் இருக்கிறது என்று நானும் கையைக் காட்டுவேன். அங்கேதான் தப்பு ஆரம்பித்தது. நான் உட்கார்ந்திருக்கிற இடத்தில் மீன் இருக்கும் என்று கண்டுகொண்டவன், மற்ற இடத்தைத் தேடுவதையே விட்டுவிட்டான்.

அன்றைக்கு எனக்கு ஒரு கொடுவா மீன் மாட்டியது. நான் பிடித்ததிலேயே பெரியது என்று நினைக்கிறேன், கண்ணால் பார்த்தால்தானே தெரியும். அது கயாக்கோடு சேர்த்து என்னை இழுத்துக்கொண்டு போகிறது. எனக்கு வாயெல்லாம் சிரிப்பு. அந்த நேரத்தில் போட் வந்தது. வந்தவர்களில் ஒருத்தர் எழுந்து நின்று என் தூண்டில் நரம்புக்கு மேலேயே தன் தூண்டிலை வீசினார். அது சிக்கியதும் அவர் இழுக்க, நான் இழுக்க, மச்சினன் போட்டைத் திருப்ப, என் நரம்பு அவன் இஞ்சினுக்குள் போய் அறுந்தது. மீன் போயே போய்விட்டது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. துடுப்பைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டிக்கொண்டு கத்தினேன். "உங்கப்பன் ஊட்டு ஆறாடா இது?" என்று கேட்டேன். எல்லோரும் எல்லோரையும் கேட்கிற கேள்விதான். ஆனால் அவன் அப்பன் என் மாமனார். செத்துப்போன மனிதர், எனக்குப் பெண்ணைக் கொடுத்தவர், ஒரு நாளும் என்னை மரியாதை இல்லாமல் பேசாதவர். வாயை விட்ட பிறகுதான் இது எனக்கு உறைத்தது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. தொப்பியில் கேமரா வைத்திருந்த புண்ணியவான் முழுவதையும் எடுத்து இணையத்தில் போட்டுவிட்டார். மச்சினன் அதை அக்காவுக்கு அனுப்பிவிட்டான். அடுப்படியில் நின்றபடியே அவள் அதைப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். "எங்கப்பாவ ஏன் இழுத்தீங்க?" என்று மட்டும் கேட்டாள். 

அவனும் வீட்டுக்கு வருவதை நிறுத்தினான். அக்கா கூப்பிட்டால் போன் எடுப்பான், மாமா இருக்கிறாரா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவான். இவள் சாப்பிடுகிற தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். இப்படியே சில வாரம் போன பிறகு அவளே ஒரு நாள் அவனைக் கட்டாயப்படுத்தி வரவழைத்தாள். எங்கள் இரண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைத்துச் சோறு போட்டாள்.

"கெஸ்ட்டு மீன் புடிக்கணும்னு வராங்கக்கா. மீன் இருக்கற எடத்துலயே இவரு குந்திக்கினு இருந்தா நான் எங்க போவேன்? அந்தத் தொட்டி அலையில கண்ணுக்கே தெரியல" என்றான் அவன்.

"கண்ணு தெரியாதவன் எதுக்கு போட் ஓட்டுற?" என்றேன் நான்.

"ரெண்டு பேரும் வாய மூடுங்க" என்றாள் இவள். தம்பிக்கு ரசம் ஊற்றியபடியே தீர்ப்பைச் சொன்னாள். "டேய், இவரு கத்துனா ஒன் காதுல விழக் கூடாது. அவ்ளோ தூரம் தள்ளிப் போ. போறப்ப இஞ்சினக் கொறச்சிக்கினு போ. என்னாங்க, நீங்களும் அவன் போட்டப் பாத்தீங்கன்னா அந்தப் பக்கமே போவாதீங்க. மீன் பெருசா, மனுஷன் பெருசா?"

என் குரலைத் தெரிந்துதான் அப்படி ஒரு அளவைச் சொன்னாள். பாய்லர் ஓடும்போதே நான் கூப்பிட்டால் கேட் வரைக்கும் கேட்கும். மச்சினனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப நான் நாகப்பட்டினம்தான் போவணும்" என்றான். எனக்கும் சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

அவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான், அதை நான் மறுக்க மாட்டேன். என் கயாக்கைப் பார்த்ததுமே இஞ்சின் சத்தம் இறங்கும். போட் பெரிய வளைவாகச் சுற்றிக்கொண்டு போகும். ஒரு சின்ன அலைகூட என்னிடம் வராது. இதைத்தானே கேட்டேன்? கிடைத்துவிட்டது. ஆனால் அந்த டீ இல்லாமல் காலை நேரம் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. அதை நான் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை, என் ரோஷம் விடுமா?

ஆனி மாதம். மேல்காற்று அடிக்கிற காலம். கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசுகிற காற்று அது. வெளியே போவது சுலபம், திரும்புவதுதான் பாடு. விடியற்காலையில் அடங்கியிருந்ததால் நம்பிப் போனேன். நன்றாக வெயில் ஏறின பிறகு காற்று எழுந்தது. கயாக்கைத் திருப்பி நான்கு முறை வலித்திருப்பேன், துடுப்பு நடுவில் மாட்டுகிற இடத்தில் படக்கென்று உடைந்தது. பாதி கையில், பாதி தண்ணீரில். அதை எட்டிப் பிடிக்கப் போனதில் கயாக் கவிழ்ந்தது. லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தேன். தட்டுத்தடுமாறி ஏறி உட்கார்ந்து பார்த்தால் போன் வைத்திருந்த பை இல்லை. அரைத் துடுப்பால் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று வலித்தேன். கரை தள்ளிக்கொண்டே போனது.

அப்போதுதான் மச்சினன் போட்டைப் பார்த்தேன். எனக்கும் கரைக்கும் நடுவில் வந்துகொண்டிருந்தது. சாமி கண்ணைத் திறந்துவிட்டது என்று நினைத்தேன். அரைத் துடுப்பைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினேன். "மச்சான்!" என்று கத்தினேன். ஜாக்கெட்டில் இருந்த விசிலை ஊதினேன். மறுபடியும் கத்தினேன்.

இஞ்சின் சத்தம் இறங்கியது. போட் வேகம் குறைந்தது. வருகிறான் என்று நினைத்தேன். போட் மூக்கைத் திருப்பிக்கொண்டு, அந்தப் பெரிய வளைவைப் போட்டு, என்னைச் சுற்றிக்கொண்டு போனது. போட்டில் இருந்த ஒருத்தர் கையைத் தூக்கி எனக்கு அசைத்ததுகூடத் தெரிந்தது. அவர்கள் தள்ளிப் போன பிறகு இஞ்சின் மறுபடியும் வேகம் எடுத்தது. ஒரு அலைகூட என்னிடம் வரவில்லை. எனக்கு அழுகை வந்தது. அந்தத் தண்ணீருக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு, தொண்டை கிழிகிற வரைக்கும் அவனைக் கூப்பிட்டேன்.

மத்தியானம் வலை போட்டுவிட்டுத் திரும்பிய குப்பத்துப் போட் ஒன்றுதான் என்னைப் பார்த்தது. அதில் இருந்தவர் என்னை மேலே இழுத்துப் போட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டுத் திட்டினார். "மேலக்காத்துல தொட்டி எடுத்துக்கினு வரியே, ஊட்ல புள்ள குட்டி இல்ல?" என்றார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை. கரையில் அவர் போனிலிருந்து அவரே என் மனைவிக்கு விஷயத்தைச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் வரைக்கும் இவள் என் கையை விடவில்லை. போட் சுற்றிக்கொண்டு போனதைச் சைகையிலும் சீட்டியடிக்கிற மாதிரியான குரலிலும் சொன்னேன். அவள் முகம் வெளுத்துப் போனது. "எவ்ளோ தூரத்துல போனான்?" என்று கேட்டாள். கையை விரித்துக் காட்டினேன். அந்தத் தூரத்தைச் சொன்னது யார் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவள் கையை விட்டுவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் மச்சினன் வந்தான். குப்பத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசற்படிக்கு வெளியிலேயே நின்றான்.

"மாமாக்கு ஒண்ணும் இல்லியேக்கா?"

"நீ பாத்தியாடா?" என்றாள் இவள்.

"காதுல விழலக்கா. சத்தியமா. மேலக்காத்து, ஒண்ணுமே காதுல விழல."

"காதுல விழுந்துச்சான்னு நான் கேக்கல."

அவன் ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கைய தூக்குனாரு, பாத்தேன். திட்டுறாருன்னு நெனச்சிட்டேன்க்கா" என்றான். யாரும் கேட்காமலே மேலே சொன்னான். "பெங்களூர்க்காரங்க கேட்டாங்க. அவுரு ஏதோ கஷ்டத்துல இருக்காரு போல, திரும்பலாமான்னு. நான்தான் வேணாம்னேன். அவுரு எப்பவும் அப்டிதான்னு சொன்னேன்."

 இவள் உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். எங்கள் வீட்டுக்குள் அவனைக் கூப்பிட வேண்டியவன் நான்தான், அவளால் முடியாது. நான் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். பிறகு ஹெல்மெட்டைத் தலையில் போட்டுக்கொண்டு படி இறங்கினான்.

"கூப்புடுங்க" என்றாள். "என்னாங்க, அவனக் கூப்புடுங்க."

எழுந்து வாசலுக்கு வந்து வாயைத் திறந்தேன். ஒரு சத்தமும் வரவில்லை. தொண்டை கட்டிக்கொண்டதாலா, மனசு வராததாலா என்று அவள் இப்போதும் என்னைக் கேட்கிறாள். தொண்டைதான் என்று சொல்கிறேன். அவன் வண்டியைக் கிளப்பிவிட்டான். அவள் செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கி, அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபடி ஓடினாள். ஹெல்மெட் போட்டவனுக்கு என்ன கேட்கும்?

தெருமுனை வரைக்கும் போனாள். திரும்பி வரும்போது தனியாகத்தான் வந்தாள்.