இனாமாக நின்ற குதிரை

பல்செட் செய்யும் கூடத்தில் அவருக்கு ‘எதுக்கும்’ என்றுதான் பெயர். செய்து முடித்த பல் வரிசையை அச்சில் கடிக்கவைத்துப் பார்ப்பார், கச்சிதமாக இருக்கும். “எதுக்கும் இன்னொரு தடவை பாத்துடுறேன்” என்று மறுபடி கடிக்கவைப்பார். வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை வந்தவர், திரும்பிப்போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பார். மனைவி முனையிலேயே நின்றுகொள்வாள். சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துவிட்டது.

இந்த மனிதர்தான் சதுரங்கத்தில் நான்காவது நகர்த்தலிலேயே, போயும் போயும் ஒரு சிப்பாய்க்காக, முழுக் குதிரையைத் தூக்கிக் கொடுப்பவர். அதற்கு எதிராளியின் இரண்டு குதிரைகளும் வெளியே வந்திருக்க வேண்டும். நம் குதிரையைப் பலி கொடுத்துவிட்டு, நடுச் சிப்பாய்களைத் தள்ளி அந்த இரண்டையும் வந்த வழியே விரட்ட வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் கிறுக்குத்தனம் என்பார்கள். அந்தக் கிறுக்குத்தனத்தையும் அவர் பயந்து பயந்துதான் படித்தார். சாப்பாட்டு இடைவேளையில் மெழுகை ஒதுக்கிவிட்டு இரண்டு பக்கமும் தானே ஆடுவார். எதிராளியின் குதிரைகளையும் தன் கையாலேயே வெளியே கொண்டுவந்து வைப்பார். வினை அங்கேதான் தொடங்கியது.

சதுரங்க கிளப் அணியில் ஒரே ஒரு இடம் காலி. வெளியூர்ப் போட்டிகளுக்கு எல்லாம் கடிகாரம் சுமந்துகொண்டு கூடவே போன ‘எதுக்கும்’, ஒருமுறையாவது பலகைக்கு முன்னால் உட்கார வேண்டும் என்று ஏங்கிக்கொண்டிருந்தார். அந்த இடத்துக்குப் போட்டி அவருடைய மைத்துனன், டயர் கடைக்காரன். இருவரும் ஓர் ஆட்டம் ஆட வேண்டும், ஜெயிப்பவருக்கு இடம்.

“அத்தான், இன்னைக்காவது ஒழுங்கா ஆடுங்க” என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான் அவன். முந்தின இரவு சரியாகத் தூங்காதவர் தன் காய்களை எதுக்கும் இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தார்.

மூன்றாவது நகர்த்தலில் மைத்துனன் இரண்டாவது குதிரையை வெளியே எடுக்கவில்லை. ஓரத்துப் பக்கமாக ஒரு சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினான், அவ்வளவுதான். பழகிப்போன கை சும்மா இருக்குமா? அவருடைய குதிரை பாய்ந்து நடுச் சிப்பாயை வெட்டியது. கடிகாரத்தை அமுக்கிய பிறகுதான் பார்த்தார். விரட்டுவதற்கு அங்கே இரண்டாவது குதிரையே இல்லை. தன் குதிரை இனாமாக நின்றுகொண்டிருந்தது.

காது மடல் சுட்டது. குதிரையைப் பார்த்தால் மாட்டிக்கொள்வோம், பார்க்காவிட்டாலும் மாட்டிக்கொள்வோம். ஜன்னலைப் பார்த்தார். தன் சட்டைப் பொத்தானைப் பார்த்தார். ‘எடுத்துத் தொலையேன்டா’ என்றுகூட ஒரு கட்டத்தில் தோன்றிவிட்டது. அந்தக் காத்திருப்புக்குத் தோல்வியே தேவலை.

மைத்துனன் அந்தக் குதிரையை வெட்டக் கையைக் கொண்டுபோனான். இழுத்துக்கொண்டான். நெற்றியைத் தேய்த்தான். மறுபடி கொண்டுபோனான். கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் வேறு எதையோ நகர்த்தினான்.

அவர் குதிரையைப் பின்னால் எடுத்துக்கொண்டார். அதன்பிறகும் மைத்துனன் ஒவ்வொரு கட்டத்திலும் இல்லாத பொறியைத் தேடிக்கொண்டிருந்தான். தேடித் தேடியே கடிகாரத்தில் அவன் நேரம் தீர்ந்துபோனது. ஆட்டம் அத்தானுக்கு.

சுற்றி நின்றவர்கள் முதுகில் தட்டினார்கள். கிளப் செயலாளர் கை குலுக்கினார். அவருக்கு அழுகை வரும் போலிருந்தது.

“நான் அந்தக் குதிரையை எடுத்திருந்தா என்ன அத்தான் பண்ணியிருப்பீங்க?” என்று கேட்டான் மைத்துனன்.

எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள். ஏதாவது கதை விட்டிருக்கலாம். விட வரவில்லை.

“ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. உன் ரெண்டாவது குதிரை உள்ளேயே இருக்குன்னு நான் பாக்கல. கை தானா போயிருச்சு.”

யாரும் சிரிக்கவில்லை. மைத்துனன் அந்தக் குதிரையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

“பாக்காம வெப்பீங்கன்னு எனக்குத் தோணவே இல்ல அத்தான்” என்றான். “உங்களை நம்பித்தான் எடுக்கல.”