அழித்த பிறகும் நின்ற வரி

டெய்லரக்காவை முதல்நாள் பார்த்தபோது, ஜன்னல் திரைக்கு அளவெடுக்க வந்தவர் என்றுதான் வகுப்பே நினைத்தது. அவரோ நேராகக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தார். ஓப்பன் சோர்ஸ் பயிற்சி வகுப்பு அது. எழுதும் நிரலைப் பூட்டி வைக்காமல், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம் என்று பொதுவில் போட்டுவிடுகிற வேலை. பட்டன் தைத்த கைக்கு இங்கே என்ன வேலை என்று முன்பெஞ்சுப் பையன்கள் சிரித்தார்கள். சொல்லிக்கொடுப்பவரே அவரைவிடச் சின்னவர். வகுப்பில் 'சார்', டீக்கடையில் 'தம்பி'.

பயிற்சி முடியும் வாரம் ஒரு கம்பெனி ஆளெடுக்க வந்தது. பொதுவில் போட்ட திருத்தங்களைப் பார்த்துத்தான் எடுப்பார்களாம். டெய்லரக்கா வேலை பார்த்த தையல் கூடம் மூடியாயிற்று, வீட்டுக்காரருக்கு முதுகு போய்விட்டது. இந்த வேலை கிடைத்தால்தான் மகள் படிப்பைத் தொடர முடியும்.

கம்பெனிக்காரர்கள் வரவிருந்த நாள் காலை, தன் திருத்தத்தை அனுப்பிவிட்டுத் திரையைப் பார்த்தார். சோதித்துப் பார்க்க இடையில் எழுதி வைத்த வகுப்புச் சர்வரின் பாஸ்வேர்டும் கூடவே போயிருந்தது. மொத்த வகுப்பின் வேலையும் அந்தச் சர்வரில்தான்.

துணி என்றால் கோணல் தையலைப் பிரித்து மறுபடி ஓட்டிவிடலாம், யார் கண்ணுக்கும் படாது. அந்தக் கைப்பழக்கத்தில் பாஸ்வேர்டு வரியை அழித்து மறுபடி அனுப்பினார். என்ன மாற்றினோம் என்று தெளிவாகக் குறிப்பெழுத வேண்டும் என்பது சார் சொன்ன பாடம். சமர்த்தாக எழுதினார்: 'சர்வர் பாஸ்வேர்டை நீக்கினேன்.'

அப்புறம்தான் உறைத்தது. திருத்துவதற்கு முந்தைய பிரதியும் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி அங்கேயே இருக்கிறது, இந்தக் குறிப்பு அதற்கு வழிகாட்டிப் பலகை மாதிரி நிற்கிறது. வாயைத் திறந்தால் தன் பிழைப்பு போகும், திறக்காவிட்டால் எல்லோர் பிழைப்பும் போகும்.

"என்னடா இது, சர்வர் ஆமையா நகருது?" என்றான் முன்பெஞ்சுக்காரன் ஒருவன்.

எழுந்து சாரிடம் போனார். வகுப்பு என்பதே மறந்துவிட்டது.

"தம்பி, பாஸ்வேர்டை ஊருக்கே காட்டிட்டேன். அழிச்சும் பார்த்தேன், போகல."

"அழிச்சா எப்படிக்கா போகும்?" சார் அதற்குள் சர்வரின் வயரைப் பிடுங்கியிருந்தார்.

யாரோ ஒருவன் ஏற்கெனவே உள்ளே புகுந்து தன் நிரலை ஓடவிட்டிருந்தான்; அந்த ஆமை வேகம் அதனால்தான். எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாகத்தான் ஏற்ற வேண்டும் என்றார் சார். பிள்ளைகளின் வேலை மொத்தமும் தன்னால் போயிற்று என்று டெய்லரக்கா புலம்பினார்.

ஆமை என்றவனே வந்து சொன்னான். "எங்கக்கா போச்சு? அவங்கவங்க வேலை அவங்கவங்க லேப்டாப்புல முழுசா இருக்கே."

கூட்டாக நிரல் எழுதும் இந்த முறையே அப்படித்தான்: ஆளுக்கொரு முழுப் பிரதி. பாடமாகத் தெரிந்ததுதான், பயத்தில் மறந்திருந்தது. பாஸ்வேர்டை மாற்றி, கம்பெனிக்காரர்கள் வருவதற்குள் எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினார்கள்.

வந்தவர்கள் அந்தக் குறிப்பைப் பற்றித்தான் முதலில் கேட்டார்கள். நடந்ததை மறைக்காமல் சொன்னார். அவரை எடுக்கவில்லை.

சில மாதங்கள் கழித்து வேறொரு சின்ன கம்பெனி எடுத்தது. மற்றவர்கள் எழுதுவது பொதுவில் போகுமுன் சரிபார்க்கும் வேலை. மகள் படிக்கிறாள். அந்தக் குறிப்பு இன்னும் அவர் பெயரோடு அங்கேயே இருக்கிறது. அனுப்பும் பட்டனைத் தொடும்போது இப்போதும் விரல் சில்லிட்டுப் போகிறது.