பெயர் சொல்லாத உதாரணம்

பாஸ்டர் வீட்டில் பால் பொங்கி வழிந்தால் அது அடுப்போடு நிற்காது; ஞாயிற்றுக்கிழமை பிரசங்க மேடைவரை வந்து சேரும். சாவி தொலைந்தால் அது வழிதவறிய ஆத்துமா. குழாய் ஒழுகினால் அது கண்டுகொள்ளாமல் விட்ட சின்னப் பாவம். சபையில் ஒரு மூப்பர் இருந்தார். மைக்கே தேவைப்படாத தொண்டை அவருக்கு. அதனால் எல்லோரும் அவரை 'ஸ்பீக்கர்' என்றே சொல்வார்கள். அவர் ஒருமுறை கோயில் வாசலில் நின்று, "திங்கக்கிழமை பாஸ்டர் வீட்ல பால் பொங்கினா, ஞாயித்துக்கிழமை நம்ம காதுல வழியும்" என்றார். பாஸ்டரும் சேர்ந்து சிரித்தார். அவர் மனைவி பாஸ்டரம்மாவும் சிரித்தார். பாலும் சாவியும் குழாயும்தானே, போனால் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

பாஸ்டரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வாரா வாரம் அதே முகங்களுக்கு முன்னால், அதே வேதத்தை விரித்து வைத்துக்கொண்டு, புதிதாக ஏதாவது சொல்லியாக வேண்டும். மேடையில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். வாரம் முழுக்க அவர் கால் ஓயாது. ஆஸ்பத்திரியில் ஒரு ஜெபம், புதுக் கடையில் ஒரு ஜெபம், சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒரு மாலை முழுவதும் சமாதானம். சனிக்கிழமை மேசைக்கு முன்னால் வந்து உட்காரும்போது தலைக்குள் வெறும் காற்றுதான் இருக்கும். அப்போது வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்ப்பார். கண்ணில் பட்டது எதுவோ, அது உதாரணம்.

ஒருநாள் பிற்பகல் பாஸ்டரம்மா காய்ந்த துணிகளைக் கட்டிலில் குவித்துப் போட்டு மடித்துக்கொண்டிருந்தார். பெரிய போர்வைக்கு மறுமுனை பிடிக்க ஆள் வேண்டியிருந்ததால் பாஸ்டரைக் கூப்பிட்டார். ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கையில், எந்தப் பீடிகையும் இல்லாமல் சொன்னார்.

"நான் கோயில்ல பாடுறதில்ல. தெரியுமா உங்களுக்கு?"

"என்ன சொல்ற? முன் வரிசையில நின்னுக்கிட்டு நீ பாடாமலா?"

"உதட்டை மட்டும் அசைப்பேன். சத்தம் வராது. பாப்பாவ அடக்கம் பண்ணின நாள்லேர்ந்து அப்படித்தான். அன்னைக்கு நீங்க சத்தமா பாடினீங்க. எனக்கு வரல. அதுக்கப்புறமும் வரல."

பாப்பா அவர்களுடைய ஒரே மகள். பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருஷமே காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. பல வருஷம் ஆகிவிட்டது. அடக்க ஆராதனையைப் பாஸ்டர்தான் நடத்தினார். வேறு ஒருவரை வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னதற்குக் கேட்கவில்லை. "கல்லு மாதிரி நின்னாரு, விசுவாசம்னா அதுதான்" என்று சபையே மெச்சியது. பக்கத்தில் நின்ற பாஸ்டரம்மாவை அன்றைக்கு யாரும் கவனிக்கவில்லை. பாஸ்டரும் கவனிக்கவில்லை.

"யார்கிட்டயும் சொன்னதில்ல. இவ்வளவு நாளா உங்ககிட்டகூட சொல்ல முடியல."

பாஸ்டர் தன் முனையை விடாமல் கிட்டே வந்தார். போர்வையோடு சேர்த்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் கட்டிலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார்கள். அந்தப் பிற்பகலில் பாஸ்டர் நல்ல புருஷனாகத்தான் இருந்தார். பின்னால் நடந்ததைச் சொல்வதற்கு முன் அதைச் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

சனிக்கிழமை வந்தது. கடவுள் எப்படிப்பட்ட ஜெபத்தைக் கேட்கிறார் என்பது அந்த வாரப் பொருள். எழுதினார், கிழித்தார், எழுதினார், கிழித்தார். உதடு மட்டும் அசைகிறது, சத்தம் இல்லை, ஆனாலும் கடவுள் கேட்கிறார். பிரசங்கியாரின் மூளை பொல்லாத மூளை. அழுதுகொண்டிருக்கும்போதே ஒரு பக்கத்தில் தலைப்பைத் தேடிக்கொண்டிருக்கும். பெயரா சொல்லப்போகிறோம், யாரோ ஒரு தாய் என்றுதானே சொல்லப்போகிறோம், மனம் உடைந்த எத்தனையோ பேருக்கு ஆறுதலாக இருக்குமே என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பாஸ்டரம்மா அடுத்த அறையில்தான் இருந்தார். கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று பாஸ்டருக்கு நன்றாகத் தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. தெரியாமல் செய்த பிழை என்று அதற்குப் பூசி மெழுகவே முடியாது.

மறுநாள் பிரசங்கம் களைகட்டியது. "எனக்குத் தெரிந்த ஒரு தாய்" என்று அவர் ஆரம்பித்தபோது சபையில் இருமல்கூட இல்லை. பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த தாய், வருஷக்கணக்காக உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்கிற தாய். பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். ஸ்பீக்கர் விசும்பியதே கடைசி பெஞ்சுவரை கேட்டது. பிரசங்கம் முடிந்து, பியானோ வாசிக்கிற பல் டாக்டர் வழக்கம்போல ஒவ்வொரு சுரமாகப் பிடுங்கி எடுப்பதுபோல் மெதுவாக ஆரம்பித்தார். சபை எழுந்து நின்றது. அப்போதுதான் அந்தக் கொடுமை நடந்தது. ஒருவர் பின் ஒருவராகத் தலைகள் முன் வரிசைப் பக்கம் திரும்பின. அத்தனை கண்ணும் பாஸ்டரம்மாவின் வாயைப் பார்த்தன. அவர் பாட்டுப்புத்தகத்தை மூடி பெஞ்சின் மேல் வைத்துவிட்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் பாஸ்டர் முந்திக்கொண்டார். "பேர் சொல்லலையே நான்."

"பேர் எதுக்கு? இந்தச் சபையில பிள்ளைய அடக்கம் பண்ணிட்டு வந்து முன் வரிசையில நிக்கிற அம்மா எத்தனை பேரு?"

"பல பேருக்கு ஆறுதலா இருந்திருக்கும்மா. வாசல்ல என் கையைப் பிடிச்சுக்கிட்டு எவ்வளவு பேரு அழுதாங்க தெரியுமா?"

"எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். அதையும் எடுத்து ஊருக்குப் பந்தி வெச்சிட்டீங்க."

அதற்குமேல் பாஸ்டரம்மா சண்டை போடவில்லை. போட்டிருந்தால் பாஸ்டருக்குச் சுலபமாக இருந்திருக்கும். சமாதானம் பேசுவது அவர் தொழில். சாப்பாடு நேரத்துக்கு வந்தது, சட்டை இஸ்திரி போட்டு வந்தது, "ம்" என்ற பதிலும் வந்தது. வேறொன்றும் வரவில்லை. பக்கத்துச் சபையிலிருந்து, 'அந்தத் தாய்' பிரசங்கத்தை எங்களுக்கும் கொடுங்கள் என்று ஆள் அனுப்பினார்கள். பாஸ்டர் மறுத்துவிட்டார். ஆனால் கேட்ட கணத்தில் அவருக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அதை நினைத்துப் பிறகு வெட்கப்பட்டார்.

அந்த நாட்களில் ஒரு பழைய பஸ் டிரைவரைப் பார்க்கப் போனார். மனிதர் படுக்கையில் விழுந்து மாதங்கள் ஆகின்றன. இனி எழ மாட்டார் என்பது அவருக்கே தெரியும். பாஸ்டர் ஜெபம் பண்ணி முடித்ததும், டிரைவர் தன் மனைவியை வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார்.

"ஐயா, மனசுல ஒண்ணு கிடந்து அரிக்குது. போறதுக்கு முன்னாடி..." என்று ஆரம்பித்தவர் பாஸ்டர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தலையணையில் சாய்ந்துகொண்டார். "வேணாம் ஐயா. ஞாயித்துக்கிழமை மேடையில வந்துடும்."

வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் பாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. சாகப்போகிற மனிதன் தன் பாரத்தை இறக்கி வைக்க இடம் தேடி, இவரைப் பார்த்துவிட்டு, அதைத் தன்னோடே வைத்துக்கொள்கிறான். தெருவில் நடந்து வரும்போது இவ்வளவு நாள் எந்த வேலைக்காக இந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு திரிந்தோம் என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து, இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சரசமும் பகிர்கிற ஆராதனை. அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. அப்பத்தையும் பாத்திரத்தையும் எடுப்பதற்கு முன்னால் பாஸ்டர், "மனத்தாங்கல் உள்ளவர்கள் முதலில் ஒப்புரவாகி வாருங்கள்" என்பார். சொல்லிவிட்டு நிஜமாகவே காத்திருப்பார். ஜனங்களும் நிஜமாகவே எழுந்து போவார்கள். ஒருமுறை எலக்ட்ரீஷியன் எழுந்து, ஏணியைத் திருப்பித் தராத மச்சானிடம் போய்க் கை கொடுத்தார். மச்சான் கை கொடுத்தாரே தவிர ஏணியைக் கொடுக்கவில்லை, அது வேறு விஷயம். சபையார் எல்லோரும் வரிசையாக வந்து முழந்தாளிட்டு வாங்கிக்கொண்ட பிறகு, கடைசியாகப் பாஸ்டரம்மா வருவார். அவருக்குக் கொடுத்துவிட்டுத்தான் பாஸ்டர் தான் எடுத்துக்கொள்வார். அவர் ஊழியத்துக்கு வந்த நாளிலிருந்து இதுதான் முறை.

அன்றும் வழக்கம்போலச் சொன்னார், காத்திருந்தார். வரிசை வந்தது, போனது. கடைசி ஆளாகத் தையல்காரரின் தாயார் கைத்தடியை ஊன்றிக்கொண்டு திரும்பிப் போனார். பாஸ்டர் அப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு முன் வரிசையைப் பார்த்தார். பாஸ்டரம்மா எழுந்திருக்கவில்லை. மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தார். கோபமாகத் தெரியவில்லை. கர்த்தருடைய பந்திக்குப் பொய் முகத்தோடு வர அவருக்கு மனமில்லை, அவ்வளவுதான்.

பல் டாக்டர் பாட்டை முடித்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் அதையே மறுபடி ஆரம்பித்தார்.

எடுத்துக்கொண்டு ஆசீர்வாதத்தைச் சொல்லிவிடலாம், ஐந்து நிமிஷத்தில் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்று பாஸ்டருக்கு ஒரு கணம் தோன்றியது. பாத்திரத்தைத் தொட்டார். தொட்ட கை நின்றது. ஆண்டவர் சொன்னதன் பொருள் என்ன? உனக்கு யார் மேலாவது வருத்தம் இருந்தால் போ என்றா சொன்னார்? உன் மேல் ஒருவருக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ என்றல்லவா சொன்னார். இத்தனை வருஷமாக மனம் நொந்தவர்களையே எழுந்து போகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். நோகடித்தவன் பீடத்தண்டை பத்திரமாக நின்றுகொண்டிருந்தான். ஊருக்குத்தான் உபதேசம்.

அப்பத்தைத் தட்டில் வைத்தார். காலரில் குத்தியிருந்த சின்ன மைக்கைக் கழற்றி, அணைத்து, வெள்ளைத் துணியின் மேல் வைத்தார். படியிறங்கி வந்தார். ஸ்பீக்கர், பாஸ்டர் தன் அனுபவம் எதையோ சபைக்குச் சாட்சியாகச் சொல்லப்போகிறார் என்று நினைத்து, கை மைக்கைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். பாஸ்டர் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, மனைவியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"எல்லாரும் பாக்கறாங்க," என்றார் பாஸ்டரம்மா, தலையைத் தூக்காமல்.

"பாக்கட்டும். கேக்க முடியாது."

"இதையும் ஒரு பிரசங்கமா ஆக்கிடாதீங்க."

"ஆக்க மாட்டேன். அது உன்னோடது. நான் எடுத்திருக்கக் கூடாது. நீ வேண்டாம்னு சொல்லுவேன்னு தெரிஞ்சுதான் கேக்காம எடுத்தேன்." குரலை இன்னும் தாழ்த்தினார். "அன்னைக்குச் சத்தமா பாடினேன்ல, அது விசுவாசம் இல்ல. நிறுத்தினா குழிக்குள்ள விழுந்துடுவேன்னு பயந்து பாடினேன். உன் பக்கம் திரும்பினா முடிஞ்சுதுன்னு தெரியும். அதான் திரும்பல."

பாஸ்டரம்மா முதல்முறையாக அவரைத் திரும்பிப் பார்த்தார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. "போங்க. பாத்திரம் திறந்து கிடக்கு," என்றார்.

பாஸ்டர் எழுந்து போனார். பாத்திரத்தைத் துணியால் மூடினார். அன்று அவர் எடுத்துக்கொள்ளவில்லை. மைக் இல்லாமலே ஆசீர்வாதம் சொன்னார். பின் பெஞ்சுக்காரர்களுக்குக் கேட்டிருக்காது. வாசலில் ஸ்பீக்கர் ஓடிவந்து, "ஏன் ஐயா நீங்க எடுக்கல? அம்மாகிட்ட என்ன பேசினீங்க?" என்று கேட்டதற்கு, "இன்னைக்கு முடியல" என்றார். அதோடு சரி.

அடுத்த ஞாயிறு கோயில் நிரம்பி வழிந்தது. வழக்கமாக வராதவர்கள்கூட விஷயம் தெரிந்துகொள்ள வந்திருந்தார்கள். பாஸ்டர், வேதத்தில் எப்போதும் ஆட்கள் தூங்கிவிடுகிற ஒரு பகுதியை எடுத்து, வரிக்கு வரி விளக்கம் சொல்லி முடித்தார். வீட்டுக் கதை ஒன்றும் இல்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. "பாஸ்டர் பிரசங்கத்துல இப்பல்லாம் உப்பும் இல்ல உறைப்பும் இல்ல," என்று பேச்சு கிளம்பியது. பக்கத்துச் சபையும் ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டது. பாஸ்டருக்கு வலித்தது; வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். பஸ் டிரைவர் மட்டும், பிரசங்கத்தில் வீட்டுக் கதை நின்றுபோனதைக் கேள்விப்பட்டு, ஒரு நாள் அவரைக் கூப்பிட்டனுப்பினார். கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் பேசினார். அந்த வாரமே நிம்மதியாகக் கண்ணை மூடினார் என்று அவர் மனைவி சொன்னார்.

அடுத்த திருவிருந்தில், எல்லோரும் வாங்கி முடித்த பிறகு, பாஸ்டரம்மா எழுந்தார். வந்து முழந்தாளிட்டுக் கைகளை ஏந்தினார். பாஸ்டர் அந்தக் கைகளில் அப்பத்தை வைத்தார். பிறகு தானும் எடுத்துக்கொண்டார்.

இருவரும் வீட்டுக்கு நடந்தே போனார்கள். பாதி வழியில் பாஸ்டரம்மா நின்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். பாஸ்டரும் நின்றார். கடைகள், வண்டிகள், போகிறவர் வருகிறவர் எல்லாவற்றுக்கும் நடுவில் நின்று, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, இடையில் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார். கேட்கக் கேட்கக் கண்ணீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவும் இல்லை.

எதிர்ச்சாரியில் போன ஸ்பீக்கர் இதைப் பார்த்துவிட்டார். சாயங்காலம் வீட்டுக்கே வந்து, "நடு ரோட்டுல நின்னு அம்மா அப்படி என்ன ஐயா சொன்னாங்க?" என்று கேட்டார்.

"வீட்டு விஷயம்," என்றார் பாஸ்டர்.